ஒலிச் சுவடிகளைப் பெயர்த்தெழுதும் காலம்

1887ஆம் ஆண்டு தமிழர்க்கு மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டில்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றி வெளியிட்டார்கள். யாழ்ப்பாணம் தந்த அறிஞர் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களின் கலித்தொகைப் பதிப்பு வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் அமெரிக்க நாட்டில், எமில் பெர்லினர் என்பவர் 'கிராமபோன்' என்னும் ஒலிக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

இச்செய்திகளுக்குள் தொடர்பு யாது என வாசகர்கள் வினவலாம். முன்னது ஏட்டில் உறங்கிய எழுத்தைக் காத்த செய்தி; பின்னது காற்றில் கரையும் ஒலியைக் காத்த செய்தி. காத்து வைத்த பொருள் பின்வந்தோர் கைக்கு எட்டுவது எதனால், எட்டாமற் போவது எதனால் என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம். வீட்டுக் கணினியில் பாட்டையும் பேச்சையும் சேர்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வாராய்ச்சி பயன்படும் என்பது என் எண்ணம்.

ஏடு கற்பித்த பாடம்

பனையோலை நெடுங்காலம் தாங்கும் பொருளன்று. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனைச் சில நூறு ஆண்டுகளில் அரித்துவிடும். அங்ஙனமாயின் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது எவ்வாறு? தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டை முன்வைத்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார், அதனால் வந்தது. பெயர்த்தெழுதாமல் விட்டவை மறைந்தன. பழஞ்சுவடிகள் தீயிலும் ஆற்றுநீரிலும் போன கதைகளை ஐயரவர்கள் 'என் சரித்திரம்' நூலில் மனம் நொந்து குறித்துள்ளார்கள்.

பெயர்த்தெழுதுவோர் இருந்தது ஒரு காரணம். அதனினும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. எழுத்து எவருக்கும் தனியுடைமையாக இருக்கவில்லை. ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. அத்துணை இடர்கள் இருந்தும் ஐயரவர்கள் படித்தார்கள். அந்த எழுத்தைக் கற்பிக்கத் திண்ணைப் பள்ளிகள் இருந்தமையால் படித்தார்கள். எழுத்தாணி செய்த கொல்லனிடம் அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் ஏட்டைப் படிக்கலாம் என்றிருந்து, அக்கொல்லனும் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால், இன்று நம்மிடம் புறநானூறு ஏது? நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்நிலைதான் நம் காலத்தில் ஒலிக்கு நேர்ந்திருக்கிறது.

மெழுகும் தட்டும் நாடாவும்

மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்த முதற் கருவியைத் தாமஸ் எடிசன் 1877இல் அமைத்தார். வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையில் ஊசி கீறிய தடமே அந்தப் பதிவு. பின்னர் மெழுகு உருளைகள் வந்தன. பெர்லினரின் கருவியோ தட்டையான இசைத்தட்டாக வளர்ந்தது. ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எடுக்க முடிந்ததால் தட்டே வென்றது. 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் குரலைத் தட்டில் பதிந்தார். அதன்பின் நம் நாட்டுச் சங்கீதமும் நாடகப் பாட்டும் தட்டில் ஏறி, கப்பலேறி, இந்த மலாய் நாடு வரை வந்து சேர்ந்தன.

இங்கு நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்று. பக்கவாட்டில் நெளியும் தடமுடைய சாதாரண இசைத்தட்டை ஒரு நிறுவனம் செய்திருக்கும். அதனை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் வைத்தாலும் பாடும். அதன் கமுக்கம் யாவரும் கண்ணால் காணக்கூடிய தடத்திலேயே இருந்தது. ஆகவேதான் நூறாண்டுக்கு முந்திய தட்டை இன்றும் கேட்க முடிகிறது.

எடிசன் இதற்கு மாறான வழியில் சென்றார். அவர் 1912இல் வெளியிட்ட 'வைரத் தட்டு' தடித்தது. அதன் தடம் பக்கவாட்டில் நெளியாமல் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. ஒலி மிக நயமாக இருந்தது என்பர். ஆயினும் அவர் நிறுவனத்தின் கருவியில்தான் அதனை முறையாகக் கேட்க இயலும். 1929இல் அந்நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலையே கைவிட்டது. வாங்கியவர் வீட்டில் தட்டு இருந்தது; புதிய பெட்டி வாங்கக் கடை இல்லை. ஒலியுலகில் 'மூடிய வடிவம்' கற்பித்த முதற்பாடங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

1963இல் ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் கைக்கடக்கமான ஒலிநாடாவை வெளியிட்டது. அளவையும் அமைப்பையும் மாற்றாமல் செய்வோர் யாராயினும் உரிமைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம் என்று விரைவில் அது வழிவிட்டது. விளைவு யாவரும் அறிந்ததே. தோட்டத்து லயத்து வீடுகள் வரை நாடாப் பெட்டி வந்தது. கோயில் திருவிழாவில் ஒரு பெட்டியில் பதிந்த உடுக்கைப் பாட்டை மறுநாள் அடுத்த லயத்தில் வேறொரு பெட்டியில் போட்டுக் கேட்டோம். அது பிலிப்ஸ் பெட்டியா, சப்பானியப் பெட்டியா என்று எவரும் கேட்டதில்லை.

எங்கள் மலையும் அதன் குரல்களும்

எடிசன் நிறுவனம் தட்டுத் தொழிலை விட்ட அதே 1929ஆம் ஆண்டில்தான் எங்கள் கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1885இல் இம்மலையை அளந்து குறித்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்தது. காட்டை வெட்டியும், சரிவில் குழி தோண்டியும், கன்று நட்டும், கொழுந்து பறித்தும் இம்மலையைப் பச்சை விரிப்பாக ஆக்கியவர்களுள் தமிழர் பெரும்பங்கினர். அவர்களுடைய பெயர் எந்த நிலப்படத்திலும் இல்லை. அவர்களுடைய வரலாறு பெரும்பாலும் எழுதப்படவுமில்லை. பேச்சில் இருந்தது, பாட்டில் இருந்தது, பிள்ளையைத் தூங்கவைக்கும் தாலாட்டிலும் இழவு வீட்டு ஒப்பாரியிலும் இருந்தது.

இன்று தோட்டத்தின் முகம் மாறிவிட்டது. கத்தரிக்கும் இயந்திரம் வந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் குறைவதைக் கண்ணெதிரே காண்கிறோம். லயம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். பேசத் தெரிந்தவர் போய்விட்டால் அவர் அறிந்ததும் அவரோடு போய்விடும்.

இவ்வெண்ணத்தால் 2004இல், நான் இளைய ஆசிரியனாக இருந்த காலத்தில், விரலளவு நீளமுள்ள ஓர் எண்வழி ஒலிப்பதிவுக் கருவியை வாங்கினேன். விடுமுறை நாட்களில் லயம் லயமாகச் சென்று முதியோரின் பேச்சைப் பதிந்தேன். ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் முறையைப் பாடிக் காட்டினார். கொழுந்து பறித்த மூதாட்டிகள் மழைக்கு வேண்டிக்கொள்ளும் பாட்டையும் மழை நிற்க வேண்டிக்கொள்ளும் பாட்டையும் பாடினர். ஆக 23 பதிவுகள்.

அவற்றுள் ஒன்று எழுபது வயது கடந்த ஒரு பாட்டியுடையது. சப்பானியர் ஆட்சியில், 1943இல், அவருடைய மூத்த அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிச் சென்றனர். அவர் திரும்பவே இல்லை. மகன் போன வழியைப் பார்த்துத் தாயார் நாள்தோறும் பாடிய ஒப்பாரியைப் பாட்டி சிறுமியாக இருந்து கேட்டு மனத்தில் வைத்திருந்தார். அதனை முழுவதும் பாடினார். பாடி முடித்தபின் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுக்குள்ள நான் எத்தனை நாளைக்கு இருப்பேன், வாத்தியாரய்யா?" என்று கேட்டார். "நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப நாளைக்கு, பாட்டி" என்றேன். என் பள்ளிப் பணியில் நான் சொன்ன சொற்களுள் இன்றளவும் என்னை உறுத்துவது இதுவே. காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்குமுன் கணினியில் ஒலி எவ்வாறு தங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

எண்ணாக மாறிய ஒலி

கணினிக்கு ஒலி தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறிப்பதே எண்வழிப் பதிவு. 1982இல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதனைப் போல் இருமடங்குக்கு மேல் அளந்தால்தான் அலையைக் குறைவின்றி மீட்க இயலும் என்பது கணிதம். இவ்வளவு அளவைகளையும் அப்படியே எழுதினால் ஒரு நிமிட இசைக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். 1991இல் மைக்ரோசாப்டும் ஐ.பி.எம். நிறுவனமும் வகுத்த 'வேவ்' கோப்பில் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகிறது.

அக்காலக் கணினிகளுக்கு இது பெருஞ்சுமை. ஆதலால் சுருக்கி எழுதும் முறைகள் தோன்றின. செர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுக்கழகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உழைத்து உருவாக்கியதே எம்.பி.3. உரத்த ஒலியொன்று எழும்போது அதனை ஒட்டிய மெல்லொலி நம் செவிக்குப் புலனாவதில்லை. அத்தகைய நுண்பகுதிகளைக் கழித்துவிட்டால் கோப்பு பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதனை 'இழப்புள்ள சுருக்கம்' என்பர். கழித்தது கழித்ததுதான், மீளாது. ஆகவே எம்.பி.3 கோப்பை மற்றோர் இழப்புள்ள வடிவத்துக்கு மாற்றினால் இரண்டாம் முறையும் கழிக்கப்படும். படியைப் பார்த்துப் படி எடுத்த சுவடியில் பிழை பெருகுவது போன்றது இது.

1995 முதல் இணையத்தில் ரியல் ஆடியோ வந்தது. 1999இல் விண்டோஸ் மீடியா வடிவம் வந்தது. 1992இல் வந்த மினிடிஸ்க்குக்கு அட்ராக் என்னும் முறை இருந்தது. குரற்பதிவுக் கருவிகளுக்கும் அவரவர்க்கு ஒரு முறை இருந்தது. எண்ணைச் சுருக்கும் சூத்திரத்தைப் பல நிறுவனங்கள் வெளியிடாமல் மறைத்துக்கொண்டன. அவற்றைத் தனியுடைமை வடிவங்கள் என்கிறோம். சூத்திரம் அறியாதார்க்கு அக்கோப்பு வெறும் எண் குப்பை.

எம்.பி.3இன் நிலை சற்று வேறு. 1993இல் பன்னாட்டுத் தரமாக அதன் சூத்திரம் வெளியிடப்பட்டது, யாரும் படிக்கலாம். ஆனால் அதனைக் கையாளக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்பட்டது. 1998இல் பிரான்ஹோபர் கழகம் மென்பொருள் எழுதுவோர்க்கு இக்கட்டணம் பற்றிக் கடிதம் அனுப்பியது. அது பலரை விழிக்கச் செய்தது. அமெரிக்கரான கிறிஸ் மான்ட்கோமரி என்பவர் கட்டணமும் மறைவும் இல்லாத ஒரு முறையை அமைக்கும் வேலையில் முனைந்தார். 2002இல் வோர்பிஸ் என்னும் பெயரில் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2001இல், ஜோஷ் கோல்சன் என்பவர் ஃபிளாக் என்னும் வடிவத்தை வெளியிட்டிருந்தார். ஃபிளாக் எதையும் கழிப்பதில்லை. துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல ஒலியை மடித்து வைக்கும். விரித்தால் ஓர் இழையும் குறையாது. இடமோ ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இதுவே 'இழப்பில்லாச் சுருக்கம்'.

2012இல் இணையப் பொறியாளர் குழு ஓபஸ் என்னும் திறந்த முறையைத் தரமாக வெளியிட்டது. பெற்றோர் பலர் வாட்ஸ்அப் வழியாக எனக்கு அனுப்பும் குரற்செய்திகள் இம்முறையில்தான் சுருங்கி வருகின்றன. 2017 ஏப்ரல் 23ஆம் நாளோடு எம்.பி.3 உரிமம் வழங்கும் திட்டமும் முடிவுற்றது. 2024 திசம்பரில் ஃபிளாக்கின் இலக்கணமும் முறையான இணையத் தர ஆவணமாக வெளியாயிற்று. கால் நூற்றாண்டுப் போராட்டத்தின் முடிவு இது என்று கூறின் மிகையாகாது.

மறைவான சூத்திரத்தோடு பூட்டும் சேர்ந்த கதையும் உண்டு. இணையக் கடைகள் விற்ற பாட்டுகள் சிலவற்றைப் புதிய கணினியில் திறக்க, விற்றவரின் கணினி ஒப்புதல் தரவேண்டியிருந்தது. 2008 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் பழைய இசைக்கடையில் வாங்கிய பாட்டுகளைப் புதிய கணினிகளில் திறக்க இனி ஒப்புதல் தரப்போவதில்லை என அறிவித்தது. வாங்கியோர் கொதித்தெழவே, 2011 இறுதி வரை தவணை நீட்டிக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்னும் கேள்வியை உலகுக்கு எழுப்பிய நிகழ்ச்சி அது.

தமிழ் எழுத்து பட்ட பாடு

இத்துன்பம் தமிழர்க்குப் புதிதன்று. ஒலியில் நேர்வதற்கு முன்னரே எழுத்தில் இதனை நாம் அனுபவித்திருக்கிறோம். கணினியில் தமிழ் வந்த தொடக்க காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் அகரத்தையும் ககரத்தையும் வைத்தனர். ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் குறிகளும் கோடுகளுமாகத் தெரியும். 1990களில் தட்டிய வினாத்தாள்களை இன்று திறந்து பார்க்கும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர்.

இச்சிக்கலைத் தீர்ப்பதில் நம் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெரும்பங்கு உண்டு என்பது நாம் பெருமைப்படத்தக்கது. 1985இல் முத்து நெடுமாறன் அவர்கள் இங்கே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார்கள். 1997இல் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அது தொடர்ந்தது. 2000இல் உத்தமம் என்னும் அமைப்பு தோன்றியது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அதனைப் பலரும் ஏற்க ஏறத்தாழ இருபதாண்டு பிடித்தது. தமிழ்நாட்டரசு 2010இல்தான் அதனைத் தரமாக அறிவித்தது. இன்று என் மாணவன் கைப்பேசியில் எழுதும் தமிழ் கனடாவிலும் தமிழாகவே தெரிகிறது. எழுத்து மீண்டும் பொதுச் சொத்தாயிற்று.

எழுத்தைப் பொறுத்தவரை நாம் விழித்துக்கொண்டோம். ஒலியைப் பொறுத்தவரை நம் வீடுகள் இன்னும் உறங்குகின்றன.

என் மேசையில் நடந்தது

என் பதிவுகளுக்கு வருகிறேன். 23 கோப்புகளையும் அக்காலத்திலேயே ஒரு குறுந்தட்டில் படியெடுத்து வைத்திருந்தேன். காத்துவிட்டோம் என்னும் நிறைவில் பல ஆண்டுகள் அதனைத் தொடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விழாவுக்காக அவற்றை எடுத்தேன். புதிய கணினி ஒன்றையும் திறக்கவில்லை. அவை அக்கருவியைச் செய்தவரின் தனி வடிவில் இருந்தன. அவர் தந்த மென்பொருள் பழைய விண்டோசில் மட்டுமே ஓடும். ஒலிப்பதிவுக் கருவியும் எப்போதோ பழுதாகிக் குப்பைக்குப் போயிருந்தது.

ஆசிரிய நண்பர் ஒருவரின் அலமாரியில் பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தது. மென்பொருளின் மூலத்தட்டு என் பெட்டியில் இருந்தது. இரண்டையும் கூட்டினேன். மூன்று இரவுகள் உழைத்தபின் முதற்கோப்பு திறந்தது. கங்காணியின் குரல் கணீரென்று பெயர் கூப்பிட்டது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பேரனை அழைத்துக் கேட்கச் செய்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

பின்னர் நான் செய்த முறையைப் பிறருக்குப் பயன்படுமாறு கூறுகிறேன். மூலக்கோப்பை முதலில் வேறிடத்தில் படியெடுத்துப் பத்திரப்படுத்தினேன். அதன்மேல் ஒருபோதும் வேலை செய்யலாகாது. மென்பொருள் எம்.பி.3 ஆகவும் வேவ் ஆகவும் மாற்றித் தரும். நான் வேவ் வடிவத்தையே தேர்ந்தேன். எம்.பி.3 என்றால் இரண்டாம் முறை கழிவு நேரும். அந்த வேவ் கோப்பைப் புதிய கணினிக்குக் கொண்டுவந்து ஆடாசிட்டி என்னும் மென்பொருளால் ஃபிளாக் ஆக மாற்றினேன். 2000இல் முதன்முதல் வெளிவந்த அம்மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சூத்திரமும் திறந்ததே.

கொழுந்தை மலையில் நிறுத்தபின் ஆலையிலும் நிறுப்பது தோட்டத்து வழக்கம். இடையில் குறைந்தால் தெரிந்துவிடும். ஃபிளாக் கோப்பினுள்ளும் அவ்வாறு ஒரு நிறுவை உண்டு. மூல ஒலியின் எண்களைக் கூட்டிக் கணக்கிட்ட சரிபார்ப்புக் குறியை அது தன்னுள்ளே வைத்திருக்கிறது. விரித்துப் பார்க்கும்போது ஓர் எண் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆயினும் இயந்திரத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் காதால் கேட்டேன். நிமிடக் கணக்கையும் ஒப்பிட்டேன். யார், எந்த லயம், எந்த ஆண்டு, என்ன பொருள் என்பவற்றை ஒருங்குறித் தமிழில் ஒரு சிறு கோப்பாக எழுதி உடன் வைத்தேன். மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று மலையை விட்டு இறங்கி உறவினர் வீட்டில் இருக்கிறது. இம்மலையின் ஈரமும் பூஞ்சையும் இங்குள்ளோர் அறியாததன்று.

பழைய மென்பொருள் கிடைக்காவிடினும் கருவி மட்டும் பாடுமாயின் வேறு வழி உண்டு. அதன் செவிப்பொறித் துளையிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு ஒலியைச் செலுத்தி மீண்டும் பதிந்துகொள்ளலாம். ஒரு மணிப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். நயமும் சிறிது குறையும். இழப்பதைவிட அது மேல். இவையெல்லாம் நமக்கு உரிமையான பதிவுகளுக்குச் சொல்வன. பிறருடைய பாட்டின் பூட்டை உடைப்பதும் படியெடுத்துப் பரப்புவதும் வேறு. அதற்கு நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உண்டு.

இவ்வாறு 21 கோப்புகள் மீண்டன. இரண்டு மீளவில்லை. நெடுநேரம் பதிவதற்காக அவ்விரண்டையும் கருவியின் வேறொரு முறையில் பதிந்திருந்தேன். என்னிடமுள்ள மென்பொருள் அம்முறையை அறியாது. திறந்தால் இரைச்சல் மட்டுமே வருகிறது. அதனை அறிந்த பிந்திய பதிப்பு செய்தவரின் இணையதளத்தில் முன்பு கிடைத்ததாம். நான் தேடியபோது அப்பக்கமே இல்லை. அவ்விரண்டில் ஒன்றுதான் பாட்டியின் ஒப்பாரி.

அவர் 2011இல் காலமானார். கதையின் சுருக்கம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. பாட்டின் சொற்களை எழுதவில்லை; கருவி இருக்கும்போது எழுதுவானேன் என்றிருந்தேன். கோப்பு சிதையவில்லை. ஓர் எண்ணும் குறையாமல் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. சிந்துவெளி முத்திரையைப் போல எழுத்து இருக்கிறது, படிப்பார் இல்லை. பாட்டி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை ஒருவகையில் மெய். அவர் இன்னும் அதற்குள் இருக்கிறார். பேச முடியவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

நிறுவனங்களை ஏசிப் பயனில்லை. வணிகர் வணிகம் செய்வர். கடை திறப்பர், மூடுவர். நம் பாட்டன்மார் குரலை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யவேண்டியவர் நாமே. மூடிய வடிவங்களைப் பொறுமையோடு ஆராய்ந்து திறக்கும் தன்னார்வலர் உலகெங்கும் உளர். 2000இல் பேப்ரிஸ் பெல்லார்ட் என்பவர் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்னும் திறந்த மென்பொருள், ரியல் ஆடியோவையும் விண்டோஸ் மீடியாவையும் அட்ராக்கையும் இன்று படிக்கிறது. ஏடு தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்புக்கு இவ்வுழைப்பு இளைத்ததன்று. அவர்களுள் ஒருவர் என் இரு கோப்புகளையும் ஒருநாள் திறக்கக்கூடும். அல்லது இம்மலையில் பிறந்து கணிதம் படிக்கும் என் மாணவருள் ஒருவரே திறக்கக்கூடும். அதற்காக அவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வாசகர்களை ஒன்று வேண்டுகிறேன். உங்கள் வீட்டு இழுப்பறையில் பழைய ஒலிப்பதிவுக் கருவியோ, மினிடிஸ்க்கோ, பழைய கைப்பேசியோ கிடக்கலாம். அதில் தந்தையின் பேச்சோ, பாட்டியின் தாலாட்டோ இருக்கலாம். இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். திறக்குமாயின் திறக்கும்போதே திறந்த வடிவத்துக்குப் பெயர்த்து வையுங்கள். பாட்டாயின் அதன் சொற்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதுகோலைவிடத் திறந்த வடிவம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்களால்தான் நமக்கு இலக்கியம் இருக்கிறது. அவ்வரிசையில் அடுத்து நிற்பவர் நாம்.